வெள்ளையாய்ப் போன வானம்



விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தவர்கள் படங்களைக் காட்டும்போது கூடவே ஒரு வசனமும் வரும். “நேரிலை பார்க்கேக்கை வானம் நல்ல நீலம், முகிலும் பஞ்சு மாதிரி. படத்திலை எல்லாம் வெள்ளையாய்ப் போச்சுது.” இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளியே நிற்கும்போது வானம், அதன் கீழே இருக்கிற வீட்டையும் மரத்தையும் ஆட்களையும் விடப் பல மடங்கு வெளிச்சமானது. எங்கள் கண் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துச் சமாளித்துவிடும். கமரா ஒரு படத்துக்கு ஒரு அளவு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். முகத்துக்கு அளந்தால் வானம் வெளுக்கும், வானத்துக்கு அளந்தால் முகம் கறுக்கும். எங்களுடைய நிறத்துக்கு இந்த இழுபறி இன்னும் கொஞ்சம் கூட.

செலவில்லாத வைத்தியம், நிற்கிற இடத்தை மாற்றுவது. சூரியன் இருக்கிற பக்கத்து வானம் எப்போதும் வெளுப்பாகத்தான் விழும். சூரியனை உங்கள் தோளுக்குப் பக்கமாகவோ சற்றுப் பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உள்ள வானம் நீலம் காட்டும், ஆட்களின் முகத்திலும் வெளிச்சம் விழும். இடம் மாற வழியில்லை என்றால் பகலிலும் பிளாஷைப் போடுங்கள். இரண்டு மூன்று மீற்றருக்குள் நிற்பவரின் முகத்தை அது தூக்கிக் கொடுக்கும். கைத்தொலைபேசியின் சின்ன வெளிச்சத்தை அவ்வளவு நம்பவேண்டாம்.

கைத்தொலைபேசி வைத்திருப்பவர்கள் திரையில் வானம் தெரிகிற இடத்தை விரலால் தொடுங்கள். பெரும்பாலான தொலைபேசிகளில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரிய அடையாளம் வரும். அதைக் கீழே இழுத்தால் படம் இருளும், முகில் உருவெடுக்கும். கமரா என்றால் கூட்டல் கழித்தல் போட்ட பொத்தானில் ஒரு படி குறைத்து எடுங்கள். டிஜிற்றல் படத்தில் இருண்ட இடத்தைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கலாம். முற்றாக வெளுத்த இடத்தில் ஒன்றுமே பதிவாகியிராது, இல்லாததை மீட்க முடியாது.

கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் போலறைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடி வாங்குங்கள். கமராவின் முன்னால் பூட்டித் திருகத் திருக, நீல வானம் கடுமையாகி வெள்ளை முகில் எடுத்துக் காட்டும். ஆனால் எல்லாத் திசையிலும் வேலை செய்யாது, சூரியனுக்கு 90 பாகையில் உள்ள வானத்தில்தான் அதன் பலன் முழுமையாகத் தெரியும். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, பெருவிரலைச் செங்குத்தாகப் பிடித்து, கையைச் சுழற்றுங்கள். பெருவிரல் காட்டிக்கொண்டு போகிற வட்டம்தான் அந்த இடம். இலண்டனில் மார்கழி நடுப்பகலில் சூரியன் தெற்கே 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். அப்போது கிழக்கையோ மேற்கையோ பார்த்து எடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஓகஸ்ட் கடைசியில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில். சுற்றிவர எந்தப் பக்கம் பார்த்தாலும் வடிகட்டி வேலை செய்யும், ஆனால் ஆட்களின் கண்குழி கறுத்துப்போகும். காலை எட்டு மணிக்கு எழும்பிப் போய் எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். போலறைஸ்ட் கறுப்புக் கண்ணாடி வைத்திருப்பவர்கள் அதைக் கைத்தொலைபேசியின் முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், காசில்லாமல் ஒரு பரிசோதனை.

முழுக்கச் சாம்பல் பூசிய வானத்துக்கு எந்த வடிகட்டியும் உதவாது. இந்த நாட்டில் அதற்குக் குறைவில்லை. அன்றைக்கு வானத்தைப் படத்துக்கு வெளியே விட்டுவிட்டு ஆட்களை எடுங்கள்.

இது புதிய தலையிடி அல்ல. 1850களில் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தவர்களுக்கும் வானம் வெள்ளையாகத்தான் விழுந்தது. பிரான்சில் குஸ்தாவ் லு கிறே என்பவர் கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் பொருத்தி அச்சிட்டார். இப்போது அதைக் கணினி செய்கிறது. 2020இலிருந்து போட்டோஷொப்பில் ஒரு சொடுக்கில் வேறு வானத்தைப் போட்டுவிடலாம். கலண்டர் படத்துக்குப் போடுங்கள், நான் மறிக்கவில்லை. வீட்டுப் படத்துக்குப் போடுவதுதான் எனக்குப் பிடிக்காது.

ஏன் என்று சொல்கிறேன். 2003 ஆவணியில், ஏ9 பாதை திறந்திருந்த காலம், நான் ஊருக்குப் போனேன். பிலிம் கமரா. அம்மாவை முற்றத்தில் நிற்கவிட்டு, வீடும் பின்னால் பனைகளும் வர ஒரு படம் எடுத்தேன். இங்கே வந்து ஒரு கடையில் கழுவினேன். அம்மா வடிவாக வந்திருந்தா, வானம் வெள்ளைக் கடதாசி. அம்மா கமராவைப் பார்க்காமல் எங்கேயோ மேலே பார்க்கிறா என்பது வீட்டில் எல்லோருக்கும் குறை. இப்போது அந்த வீடும் இல்லை, அம்மாவும் இல்லை. என்னிடம் இருப்பது இந்த ஒரு படம்.

போன வருடம் மருமகன், “மாமா, நான் நல்ல முகில் போட்டுத் தாறன்” என்றான். போட்டும் காட்டினான். நீல வானமும் வெள்ளை முகிலும், எந்த ஊர் வானமோ தெரியாது. மனம் ஒப்பவில்லை. பழைய கடித உறைக்குள் நெகட்டிவ் கிடந்தது. அதை ஸ்கான் பண்ணி, வானத்துக்கென்று அளவைச் சரிசெய்தோம். மேற்கே பனைவட்டுக்கு மேலே கறுத்த மழைமுகில் ஒன்று திரண்டு நின்றது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அன்றைக்கு முற்றத்தின் மற்றப் பக்கத்தில் பனாட்டுப் பாய் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா பார்த்தது அந்த முகிலை.

கலர் நெகட்டிவின் குணம் அது. டிஜிற்றலுக்கு மாறாக, கூடிய வெளிச்சத்தை அது தாங்கிப் பதிந்து வைத்திருக்கும். கடையின் இயந்திரம் முழுப் படத்துக்கும் சராசரி வெளிச்சம் பார்த்து அச்சிடுவதால் பதிந்திருக்கிற முகில் தாளுக்கு வராமல் போய்விடும்.

ஆகவே நேயர்களே, ஊரிலிருந்து கொண்டுவந்த அல்பத்தின் பின்னட்டையில், கடித உறையில் நெகட்டிவ் துண்டுகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், தண்ணீரில் கழுவாதீர்கள், ஈரமான கராஜிலும் வெக்கையான பரணிலும் வைக்காதீர்கள். ஸ்கான் பண்ணக் கொடுக்கும்போது, வானத்தில் முகில் தெரியவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மறுபடியும் வெள்ளையாகத்தான் தருவார்கள்.