பெயர் பொறியாத சிற்பி

(பொம்மிடியில் நம் சங்கக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



நம் பொம்மிடி வட்டாரத்தில் மாரியம்மனுக்கும் தேருண்டு, மாதாவுக்கும் தேருண்டு. வணங்குவோர் வேறாயினும் உளியின் நெறி ஒன்றே. இதற்குப் பழஞ்சான்று ஒன்று கூறுவாம்.

பதினேழாம் நூற்றாண்டில் கோவாவில் யானைத்தந்தத்திற் செதுக்கிய 'நல்லாயன்' உருவங்கள் பல உள. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையிலும் அவற்றைக் காணலாம். படிப்படியாய் உயர்ந்த குன்றின் உச்சியில், ஆயச் சிறுவனாகிய இயேசு கன்னத்திற் கைவைத்துக் கண்மூடி அமர்ந்திருக்கின்றார்; தோளில் ஓர் ஆட்டுக்குட்டி. அடியில் உள்ள குகையில் மகதலா மரியாள் என்னும் புனிதவதி சாய்ந்து கிடக்கின்றாள். அச்சிறுவனது அமைதியைக் கண்ட அறிஞர் சிலர், புத்தர்பிரானின் தியான நிலையை நினைந்தனர்.

1567-இல் கோவாவிற் கூடிய திருச்சபை மன்றம், கிறிஸ்தவரல்லாத தொழிலாளரைக் கொண்டு திருவுருவங்களைச் செய்விக்கலாகாது என விதித்தது. இல்லாத வழக்கை எவரும் விலக்கார் அன்றோ? விதி எழுந்த பின்னரும் அவ்வழக்கம் அற்றுப் போகவில்லை.

இவ்வுருவங்களின் அருகே வைத்த சீட்டில் நாடு உண்டு, காலம் உண்டு, பொருள் உண்டு. செய்தவன் பெயர் மட்டும் இல்லை. மரியாளின் குகையைக் குடைந்தவன் சிலுவையை வணங்கினனோ, சிவனை வணங்கினனோ, அறிவார் இலர்.

'பெயர் பொறியாமை சிற்பியின் அடக்கம்' என்பர் சிலர். அதனை யாம் முற்றும் ஒப்போம். அடக்கம் அவனுக்கு அழகு. மறதி நமக்கு அழகன்று. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலே, குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் இன்றும் விளங்குகின்றது. மன்னன் பெயரோடு தச்சன் பெயரும் நின்றமையால் எவர் பெருமை குறைந்தது?

ஆதலின் ஒன்று வேண்டுகின்றோம். உங்கள் இல்லத்து முதியோரை இன்றே வினவுங்கள். எக்கோயிலின் தேர், எம்மாதா கோயிலின் பீடம், எப்புனிதரின் மரவுருவம் யார் கையால் ஆயிற்று என்று கேட்டு எழுதுங்கள். பிற சமயத்தார் கோயில் என்று விடாதீர்கள். கூலி பெற்ற வேலைதானே என்றும் தள்ளாதீர்கள். பெரியவர் ஒருவர் மறையுந்தோறும் ஒரு சிற்பியின் பெயரும் உடன் மறைகின்றது.

எழுத இயலாதார் எம்மை அழைப்பின், ஏடும் எழுதுகோலுமாய் அவர் திண்ணைக்கே வருவோம்.