கிருஷ்ண பிள்ளையும் சபையின் அழைப்பும்



'சபை' என்பதற்குரிய கிரேக்கச் சொல் 'எக்ளேசியா'. அழைக்கப்பட்டுத் திரண்டோர் கூட்டம் என்பது அதன் பொருள். எதனின்று அழைக்கப்பட்டோர்? பிறந்த குடியினின்றா? பேசும் மொழியினின்றா? எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்வு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

1827இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் தோன்றியவர் அவர், கம்பனில் தோய்ந்தவர். சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராய் அமர்ந்து, பின்னர் 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அந்நாளில் மதம் மாறுவோர் உற்றாரை இழக்கவும் நேரும்.

ஆயினும் தமிழை அவர் இழக்கவில்லை. ஜான் பனியன் 1678இல் ஆங்கில உரைநடையில் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் 'இரட்சணிய யாத்திரிகம்' எனும் காப்பியம் யாத்தார். 1894இல் அது நூலாயிற்று. கதையின் இடையிடையே வரும் துதிப்பாக்களுக்கு அவர் இட்ட பெயர் 'தேவாரம்'. வைணவராய்ப் பிறந்து கிறித்துவைப் பாடியவர், சைவத் திருமுறையின் பெயரைத் தயங்காது எடுத்தாண்டார். 'கிறித்தவக் கம்பர்' எனத் தமிழுலகம் அவரைப் போற்றியது.

மனந்திரும்புதல் வேறு, மரபைத் துறத்தல் வேறு. திருச்சபை கிருஷ்ண பிள்ளையை அழைத்தது. அவர் கம்பனையும் உடனழைத்துச் சென்றார். வருவோனை வெறுங்கையனாய் வரச் சொல்வது சபைக்குரிய அழைப்பாகாது. அவன் கொணரும் செல்வத்துக்கும் வாயில் திறத்தல் வேண்டும். அவ்வாயில் திறந்தமையாலன்றோ தமிழன்னைக்கு இன்னுமொரு காப்பியம் வாய்த்தது!