தேய்த்த கண்ணாடி போல ஓர் எலும்பு

1890 ஏப்ரல் 11 அன்று லண்டன் மருத்துவமனையில் ஜோசப் மெர்ரிக் இறந்தபோது அவருக்கு வயது 27. ‘யானை மனிதன்’ என்று காசு வாங்கிக் காட்சிக்கு வைக்கப்பட்டவர் அவர். மண்டையும் முகமும் புடைத்து வளர்ந்ததில் பேச்சே தெளிவாக வரவில்லை. அவரைக் கவனித்துவந்த அறுவை மருத்துவர் பிரடெரிக் டிரீவ்ஸ் தலைச் சுற்றளவை அளந்து 36 அங்குலம் என்று குறித்துவைத்தார். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் செய்ய முடிந்தது. தோலுக்கு அடியில் எலும்பு எப்படி வளர்கிறது என்று பார்க்க வழியில்லை. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடிக்க இன்னும் ஐந்தரை ஆண்டுகள் இருந்தன.

மெர்ரிக்கின் நோய்க்கு 1909இல் ஒரு பெயர் சொன்னார்கள். நரம்புக் கட்டி நோய் என்றார்கள். பல பத்தாண்டுகள் அதுவே பாடமாக இருந்தது. 1986இல்தான் அது தவறு, புரோட்டியஸ் நோய்க்குறி என்பதே பொருந்தும் என்று இரண்டு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். முக எலும்பு நோய்களில் இந்தப் பெயர்க் குழப்பம் இன்றும் தீரவில்லை. இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொள்வது அதே குடும்பத்து நோய் ஒன்றை: ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா. அதைப் படத்தில் சரியாக இனங்கண்டால் பல நேரம் கத்தியே தேவைப்படாது. தவறாகப் படித்தால், பார்வை நன்றாக இருக்கிற பிள்ளையையும் அறுவை மேசையில் படுக்கவைத்துவிடுவோம்.

நோய் இதுதான். உறுதியான எலும்பும் மஜ்ஜையும் இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசுவும் முதிராத எலும்பும் வந்து அடைத்துக்கொள்கின்றன. 1937இல் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவருடைய சகாக்களும் இதை ஹார்மோன் கோளாறு, தோலில் காப்பி நிறத் திட்டுகள் ஆகியவற்றோடு சேர்த்து விவரித்தார்கள். அடுத்த ஆண்டு லிச்டென்ஸ்டைன் இன்றைய பெயரைச் சூட்டினார். காரணம் 1991இல் தெரியவந்தது. ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணுவில் ஒரு மாற்றம். வாசல் அழைப்புமணியின் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால் மணி ஓயாமல் அடிக்குமே, அதுபோல அந்த உயிரணுக்களில் ஒரு சமிக்ஞை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

இந்த மாற்றம் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வருவதில்லை. கரு உருவான பிறகு, வளரும் சிசுவின் ஏதோ ஓர் உயிரணுவில் தற்செயலாக நேர்வது. அந்த உயிரணுவின் வாரிசுகள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தனவோ அங்கெல்லாம் மட்டும் நோய். ஒரு கன்னம் புடைத்து மறு கன்னம் சரியாக இருப்பது அதனால்தான். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முகம் கோணிய பிள்ளை என்றால் நம் வீடுகளில் முதல் கேள்வி ‘யார் வழியில் வந்தது?’ என்பது. அடுத்தது, கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாளா என்பது. அவள் எதுவும் செய்யவில்லை. செய்யாமலும் விடவில்லை.

குரோவேசியாவின் கிராபினாவில் கிடைத்த, சுமார் 1,20,000 ஆண்டுப் பழமையான நியாண்டர்தால் விலா எலும்பு ஒன்றிலும் இதே நோயின் தடயம் இருப்பதாக 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதையும் கண்டது எக்ஸ்ரேயும் நுண் சி.டி.யும்தான்.

சாதாரண எக்ஸ்ரேயில் மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்பும். அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு அவருடைய சி.டி. கருவி படம் எடுத்தது. குறுக்கே 80, நெடுக்கே 80 கட்டங்கள் கொண்ட கரடுமுரடான படம். இன்று வழக்கமாக 512க்கு 512. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000; கெட்டி எலும்பு 1000ஐயும் தாண்டும்.

இந்த நோய் பிடித்த எலும்பு அந்த எண்களில் இடைப்பட்டு நிற்கிறது. திரையில் எலும்புக்கான ஒளி அளவை வைத்துப் பார்த்தால், மேல்தாடையிலிருந்து கண்குழி வரை எலும்பு உப்பியிருக்கும். உட்புறம் கருப்பும் இல்லை, வெண்மையும் இல்லை. குளியலறை ஜன்னலில் பதிக்கும் தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிவதுபோல ஒரே சீரான சாம்பல். சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு. மெலிந்திருந்தாலும் அறுபடாத புறணி, அதாவது எலும்பின் வெளி ஓடு. நோய்ப்பகுதி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது; பக்கத்து எலும்போடு கரைந்துபோகும். எல்லை தெளிவாக வெட்டினாற்போல இருந்தால் வேறொரு கட்டியை நினைக்க வேண்டும்.

இதே எலும்பை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் கதை மாறும். எம்.ஆர்.ஐ.க்குத் தண்ணீரும் கொழுப்பும் பேசுமே தவிர, சுண்ணாம்பு பேசாது. நாரும் ரத்தக்குழாயும் நிறைந்த இந்தத் திசு மருந்து செலுத்தியதும் பளிச்சென்று ஒளிரும். பார்ப்பவர் ‘கட்டி’ என்று எழுதிவிடுகிறார். பயாப்சி, பதற்றம், பக்கத்து ஊர் நிபுணர் என்று குடும்பம் அலையத் தொடங்குகிறது. விலை கூடிய படம்தான் நல்ல படம் என்ற எண்ணம் இங்கே ஆழமாக வேரோடியிருக்கிறது. இந்த நோயைப் பொறுத்தவரை அது தவறு. முதல் சாட்சி சி.டி.தான். பல் மருத்துவர் வேறு எதற்கோ எடுத்த, தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே படத்தில் தற்செயலாகப் பிடிபடுவதும் உண்டு.

மிகப் பெரிய பயம் கண்ணைப் பற்றியது. மண்டையின் அடியில் ஸ்பீனாய்டு எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியாகப் பார்வை நரம்பு மூளைக்குப் போகிறது. அந்த எலும்பு உப்பினால் குழாய் சுருங்கும். சி.டி.யில் நரம்பைச் சுற்றி நான்கு பக்கமும் சாம்பல் எலும்பு நெருக்கி நிற்பதைப் பார்க்கும் எவருக்கும் பதறத்தான் செய்யும். கண் போய்விடும் முன் குழாயை அகலப்படுத்துவோம் என்று ஒருகாலத்தில் முன்கூட்டியே அறுவை செய்தார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு அந்த வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது. குழாய் சுருங்கியிருந்தும் பெரும்பாலோருக்குப் பார்வை சரியாகவே இருந்தது. நரம்பைக் காப்பாற்றப் போய் நரம்பையே காயப்படுத்தும் அறுவை அது. படம் மட்டும் பயமுறுத்துகிறது என்பதற்காக அதைச் செய்யக் கூடாது.

பார்வையை உண்மையில் பறிக்கக்கூடியவை வேறு. வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால் ஆபத்து கூடும். ஆகவே ரத்தப் பரிசோதனைக்கும் படத்துக்குச் சமமான இடம் உண்டு. எலும்புக்குள் திடீரென ரத்தம் நிறைந்த பை உருவாகிப் பார்வை சட்டென்று மங்கினால் அவசர அறுவை தேவைப்படும். அந்த நேரத்தில் பையைக் காட்டித்தருவது எம்.ஆர்.ஐ.; அதன் அருமை அப்போது தெரியும். கதிர்வீச்சுச் சிகிச்சை மட்டும் கூடவே கூடாது. அது இந்த எலும்பில் புற்றுநோயைத் தூண்டக்கூடும்.

முகத்தின் வடிவத்தைத் திருத்தும் அறுவையையும் இயன்றவரை வளர்ச்சி நிற்கும்வரை தள்ளிப்போடுகிறார்கள். சின்ன வயதில் செதுக்கினால் எலும்பு மறுபடி வளர்ந்துவிடும். பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பிள்ளையிடம் ‘இன்னும் சில வருடம் பொறு’ என்று சொல்வது எளிதல்ல. அதை அறைக்கு வெளியே நடந்தபடி சொல்லாமல், உட்கார்ந்து, படத்தைத் திரையில் காட்டிச் சொல்ல வேண்டும்.

ஆண்டுதோறும் வரும்போது அந்தப் பிள்ளை ஸ்கேன் அறைக்குப் போக வேண்டியதில்லை. முதல் சி.டி. கோப்பில் இருக்கிறது, கதிர்வீச்சை வீணாக ஏற்ற வேண்டாம். பிள்ளை போக வேண்டியது கண் பரிசோதனை அறைக்கு. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்துப் பலகையைப் படிக்கும். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைச் சொல்லும். பக்கவாட்டில் ஒளி மின்னும்போது பொத்தானை அழுத்தும். போன வருடம் சரியாகச் சொன்ன எண்களை இந்த வருடமும் சரியாகச் சொன்னால், அம்மா அடுத்த வருடத்துக்கான தேதியைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்.