ஒரு நிழல் போதாது
(பழைய மாணவிகள் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டுக்கு எங்கள் பிள்ளைகளுக்காக என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். கட்டடங்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். விஞ்ஞானம் படிப்பித்து இளைப்பாறிய நான் கேட்பது ஒரு மீற்றர்த் தடியும் ஒரு நண்பகலும் மாத்திரமே.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியா நூலகத்தின் பொறுப்பாளராக இருந்த எரதொஸ்தனிஸ், நிழலைக் கொண்டு பூமியை அளந்தார். தெற்கே சையீன் நகரில் நிழலே விழாத நண்பகலில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்தக் கோணம் வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரு நகரங்களுக்கும் இடையிலான தூரத்தின் ஐம்பது மடங்கே பூமியின் சுற்றளவு என்றார்.

அதே வசதி எங்கள் நாட்டிலும் உண்டு. யாழ்ப்பாணமும் காலியும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில், 400 கிலோமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. செப்ரெம்பர் 7 அளவில் காலியில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிலைக்குத்தாக நட்ட தடிக்கு நிழல் இராது. அன்று எங்கள் முற்றத்தில் ஒரு மீற்றர்த் தடியின் மிகக் குறுகிய நிழல் ஏறக்குறைய 6.3 சென்ரிமீற்றர். கோணம் 3.6 பாகை, வட்டத்தின் நூறில் ஒரு பங்கு. 400ஐ நூறால் பெருக்குங்கள்: 40,000 கிலோமீற்றர்!

ஆனால் நிழலின் நுனி மங்கலானது. ஒரு மில்லிமீற்றர் பிசகினால் விடை 600 கிலோமீற்றருக்கு மேல் மாறிவிடும். அதனால் பல கைகள் அளந்து சராசரி எடுக்கவேண்டும். வவுனியா, கண்டிப் பாடசாலைகளும் சேர்ந்தால் இன்னும் நல்லது. வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளே, நீங்களும் உங்கள் ஊர் உச்சிப்பொழுதில் அளந்து அனுப்புங்கள். வடக்குத் தெற்குத் தூரத்தை மட்டும் கணக்கில் எடுப்போம். அன்று இலண்டனில் நிழல் தடியை விடச் சற்று நீளம். மெல்பேணில் அது தெற்கு நோக்கி விழும்.

இத்தனை ஆண்டுகள் படிப்பித்தும் இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் மட்டுமே செய்து காட்டினேன். காலியில் கேட்பதற்கு எனக்கு ஒருவரையும் தெரியாது. அந்தக் குறை என்னோடு போகட்டும். காலியில் ஒரு பிள்ளை "இங்கே நிழல் இல்லை" என்று சொல்ல, எங்கள் பிள்ளை அதை நம்பித்தான் கணக்கைத் தொடரவேண்டும். எங்கள் பிள்ளை சொல்லும் 6.3ஐ அவளும் நம்பவேண்டும். தனி ஒரு பாடசாலையால் இந்த விடையைக் காணமுடியாது.

காலியில் ஒரு பாடசாலைக்குக் கடிதம் எழுத இச்சங்கம் இன்றே தீர்மானிக்கவேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.