பிடிச்சுக் கவிழ்க்கிற கையும் பிடிச்சுத் தூக்குற கையும்

தலைப்பு: சரிந்து கிடப்பவனை மீட்பது அவனது தன்னம்பிக்கையா? சுற்றி நிற்பவர் கொடுக்கும் தோளா?
இடம்: திருவண்ணாமலை
'தோளே' அணியில் மூன்றாவது பேச்சு



எனக்கு முன்னாலே பேசின எதிரணி நண்பர் மைக்கைப் பிடிச்சதும் ஒரே போடா போட்டாரு. "சடுகுடு ஆட்டத்தைப் பாருங்க. பாடிப் போறவன் தனியாத்தான் போறான். எதிரே 7 பேர். கூடப் போக அண்ணன் உண்டா, தம்பி உண்டா? மச்சானாவது உண்டா? தன்னம்பிக்கை ஒண்ணுதான் அவனுக்குத் துணை"ன்னாரு. நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா, நான் சொல்ல வந்த உதாரணத்தை அவரே தூக்கிட்டு வந்து என் மேசையிலே வச்சுட்டாரு. (சிரிப்பு)

நடுவர் அவர்களே, அவர் சடுகுடுவைப் பாதிதான் பார்த்திருக்காரு. பாடிப் போறதைப் பார்த்திருக்காரு. மாட்டிக்கிட்ட பிறகு என்ன ஆகுதுன்னு பார்க்கலே. அதுக்குள்ளே வீட்டிலே சேனலை மாத்திட்டாங்க போலிருக்கு. (சிரிப்பு, கைதட்டல்)

நான் சொல்றேன் கேளுங்க. ஒருத்தன் பாடிப் போறான். கையிலே 30 விநாடி. எதிரே ஏழு பேரும் ரெண்டு ரெண்டு பேரா கைகோத்து, சங்கிலி போட்டு நிக்கிறாங்க. ஒருத்தன் கணுக்காலைப் பிடிக்கிறான், ஒருத்தன் இடுப்பைப் பிடிக்கிறான், மூணாவது ஆள் மேலேயே விழுந்து அமுக்குறான். அவ்வளவுதான், நம்ம ஆள் அவுட்டு. வெளியே போய் உட்கார்ந்துடணும். இனிமே அவன்கிட்ட தன்னம்பிக்கை மூட்டை மூட்டையா இருந்தாலும் என்ன பண்ண முடியும்? வெளியே உட்கார்ந்துக்கிட்டு, "என்னால் முடியும், என்னால் முடியும்"னு ஆயிரத்தெட்டுத் தடவை சொன்னாலும் நடுவர் உள்ளே விடுவாரா? விடமாட்டாரு!

அப்போ அவன் எப்படி உள்ளே வர்றது? உள்ளே மிச்சம் இருக்கிற அவன் கூட்டாளி எவனாவது எதிராளியை அவுட்டாக்கணும். ஒரு ஆளை அவுட்டாக்கினா, வெளியே இருக்கிற ஒரு ஆளுக்கு உயிர் வரும். அதுவும் வெளியே போன வரிசையிலேதான் வரணும். முதல்லே விழுந்தவன் முதல்லே எழுந்திருப்பான். என்ன அருமையான சட்டம் பாருங்க! உள்ளே மூணு பேரோ, அதுக்கும் குறைவாவோ இருக்கும்போது எதிராளியைப் பிடிச்சுட்டா, ஒரு புள்ளிக்கு ரெண்டு புள்ளி. 'சூப்பர் டேக்கிள்'ங்கிறாங்க. ஆள் குறைஞ்ச வீட்டிலே ஒருத்தருக்கொருத்தர் தாங்கி நின்னா, ஆட்டமே ரெட்டிப்பாக் கொடுக்குது ஐயா! (கைதட்டல்)

"இதெல்லாம் சட்டப் புத்தகம், சரித்திரத்தைச் சொல்லு"ம்பாங்க. சொல்றேன்.

1990லே பெய்ஜிங்கிலே ஆசிய விளையாட்டுப் போட்டியிலே கபடியைச் சேர்த்தாங்க. அன்னையிலேருந்து 2014 வரைக்கும் ஆண்கள் தங்கம் தொடர்ச்சியா ஏழு தடவை நமக்குத்தான். 1994 ஹிரோஷிமாவிலே நம்ம தூத்துக்குடிச் சீமை மணத்தி கணேசன் அந்தத் தங்க அணியிலே இருந்தாரு. அப்புறம் 2016லே அகமதாபாத்திலே உலகக் கோப்பை. இறுதி ஆட்டம் ஈரானோட. பாதி ஆட்டம் முடிஞ்சப்போ நாம 13, அவங்க 18. நாடே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. இமாச்சலத்துக்காரர் அஜய் தாக்கூர் பாடிப் போய் 12 புள்ளி எடுத்தாரு. கடைசியிலே 38க்கு 29, கோப்பை நமக்கு.

எதிரணி உடனே துள்ளும். "பாத்தீங்களா, ஒத்தை ஆளு!" அப்படின்னு. ஐயா, கணக்குப் போடுங்க. மொத்தம் 38. அவர் எடுத்தது 12. மிச்சம் 26 எங்கேருந்து வந்துச்சு? வானத்திலேருந்தா கொட்டிச்சு? கூட இருந்தவங்க எடுத்தது! (கைதட்டல்)

ரெண்டே வருஷம். 2018, ஜகார்த்தா. அதே அஜய் தாக்கூர்தான் தலைவர். அதே ஈரான்தான் எதிரி. அரையிறுதி. ஈரான்காரங்க போட்ட பிடி இருக்கே, அது உடும்புப் பிடி. நம்ம ஆளுங்க ஒருத்தர் பின்னாலே ஒருத்தராப் பாடிப் போறாங்க, மாட்டிக்கிறாங்க, வெளியே வந்து உட்கார்றாங்க. தலைவருக்கே தலையிலே அடிபட்டுப்போச்சு. 18க்கு 27ன்னு தோத்தோம். 28 வருஷமாக் கையிலே இருந்த தங்கம் போச்சு. நான் கேக்கிறேன், அந்த மனுஷனுக்கு 2016லே இருந்த தன்னம்பிக்கை 2018லே எங்கே போச்சு? எங்கேயும் போகலே. அப்படியே இருந்துச்சு. உள்ளேயிருந்து தூக்கிவிட வேண்டிய கைகளையும் சேர்த்து எதிரி கட்டிப்போட்டுட்டான், அதுதான் சங்கதி.

இன்னும் கிட்டத்திலே வரேன். நம்ம 'தமிழ் தலைவாஸ்' அணி. 2019லே அதிலே யார் யார் இருந்தாங்க தெரியுமா? அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர். ஒவ்வொருத்தரும் ஒரு மலை. கல்யாண வீட்டிலே மூணு சம்பந்தியும் ஒரே பந்தியிலே உட்கார்ந்த மாதிரி! (சிரிப்பு) முடிவு என்ன ஆச்சு? 12 அணியிலே கடைசி இடம்.

2022லே என்ன பண்ணினாங்க? பவன் செராவத்னு ஒரு புயல். 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தாங்க. அதுவரைக்கும் அந்தப் போட்டியிலே யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லே. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போச்சு. வருஷம் பூரா வெளியே. ஊரே சொல்லிச்சு, "அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு"ன்னு. தொடக்கத்திலே தோல்வி மேலே தோல்வி, பயிற்சியாளரும் மாறினாரு. அப்போ என்ன ஆச்சு? நரேந்தர்னு ஒரு பையன். அதுதான் அவனுக்கு முதல் வருஷம். அவன் பாடிப் போய் 243 புள்ளி எடுத்தான். அவன் வெளியே உட்கார்ந்தப்போவெல்லாம் அஜிங்க்யா பவார் பாடினாரு. பின்னாலே சாகர், சாஹில் குலியா, மோஹித்துன்னு பிடிக்கிற பையன்கள் எதிராளியை மடக்கி மடக்கி, அவனை மறுபடி மறுபடி உள்ளே கொண்டுவந்தாங்க. அந்த அணி முதல் முறையா அரையிறுதி வரைக்கும் போச்சு. புனேகிட்ட 37க்கு 39ன்னு ரெண்டே புள்ளியிலே தோத்துச்சு. தோத்தாலும் ஊரு எழுந்து நின்னு கைதட்டிச்சு ஐயா! மூணு மலை ஒண்ணு சேர்ந்து கடைசி இடம். சின்னப் பையன்கள் ஒண்ணு சேர்ந்து அரையிறுதி. இதுக்கு மேலே என்ன சாட்சி வேணும்? (கைதட்டல்)

அமெரிக்காவிலே ஃபுட்பால்னு ஒரு ஆட்டம். பேரு ஃபுட்பால், ஆனா பந்தைப் பெரும்பாலும் கையிலேதான் எறிவாங்க. (சிரிப்பு) அதிலே பந்தை எறியறவருக்கு 'குவார்ட்டர்பேக்'னு பேரு. அவருதான் ராஜா. பத்திரிகையிலே அவர் படம், பாராட்டும் அவருக்கு, ஏச்சும் அவருக்கு. ஆனா அவருக்கு முன்னாலே மலை மாதிரி அஞ்சு பேர் நிப்பாங்க. நடுவிலே இருக்கிறவர் பந்தைப் பின்னாலே தள்ளிவிடறதோட சரி. மத்தபடி அவங்க பந்தை எறியறதும் இல்லே, பிடிக்கிறதும் இல்லே. பாய்ஞ்சு வர்ற எதிரிகளைத் தடுத்து நிறுத்தறதுதான் அவங்க வேலை. அவங்க தடுத்தா ராஜாவுக்கு மூணு விநாடி கிடைக்கும். தடுக்கலேன்னா, ராஜா தரையிலே!

வலதுகையாலே எறியறவருக்கு இடது பக்கம் முதுகுப் பக்கம். அந்தப் பக்கம் வர்ற ஆபத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. 1985 நவம்பர் 18ஆம் தேதி, ஜோ தைஸ்மேன்னு வாஷிங்டன் அணியிலே பேர்பெற்ற வீரர். லாரன்ஸ் டெய்லர்ங்கிறவர் பாய்ஞ்சு விழுந்ததிலே தைஸ்மேனுக்குக் கால் முறிஞ்சுபோச்சு. ஊரே டிவியிலே பார்த்துச்சு. அதோட அவர் ஆட்டமே முடிஞ்சுபோச்சு. அவருக்குத் தன்னம்பிக்கை குறைச்சலா? இல்லே! இன்னைக்கு அந்த ஊரிலே முதுகுப் பக்கம் காவல் நிக்கிறவருக்குக் கோடி கோடியாச் சம்பளம் கொடுக்கிறாங்க. முதுகைக் காக்கிறவனுக்கு என்ன விலைன்னு அமெரிக்காக்காரன் கணக்குப் போட்டுட்டான். நாம இன்னும் போடலே.

நம்ம வீட்டிலேயும் ஒரு ராஜா இருக்காரு. சம்பளம் கொண்டுவர்ற வரைக்கும் ராஜா. வேலை போச்சுன்னா? எங்க தெருவிலே ஒருத்தர் சின்னதா லேத்துப் பட்டறை வச்சிருந்தாரு. கடன் சேர்ந்து பட்டறையை மூடவேண்டியதாப் போச்சு. மனுஷன் திண்ணையிலே உட்கார்ந்துட்டாரு. தாடி வளருது, பேச்சு இல்லே. வந்தவங்க போனவங்க எல்லாம், "தைரியமா இருப்பா, தன்னம்பிக்கையை விட்டுடாதே"ன்னு சொல்லிட்டு, காப்பியைக் குடிச்சுட்டுப் போனாங்க. அந்தக் காப்பிக்கும் கடன்தான்! (சிரிப்பு)

அந்த அம்மா என்ன பண்ணுச்சு? ஒரு வார்த்தை ஏசலே. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையிலே சுக்குக் காப்பி, இட்லி போட்டுச்சு. 14 கிலோமீட்டர் நடக்கிற ஜனத்துக்குப் பசிக்காதா? மக பத்துப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச்சு. மாமியாக்காரி, "என் பிள்ளைக்கு ஆச்சு"ன்னு தன் தோட்டைக் கழட்டிக் கொடுத்துச்சு. மாமியார் மருமகளுக்குக் கொடுத்தாங்க, குறிச்சு வச்சுக்கங்க! (சிரிப்பு, கைதட்டல்) ஒரு கடன் அடைஞ்சது. ரெண்டாவது கடன் அடைஞ்சது. ஒரு நாள் மனுஷன் தாடியை எடுத்துட்டுப் பட்டறைக் கதவைத் திறந்தாரு. அவருக்குத் தன்னம்பிக்கை வந்துச்சு, நான் மறுக்கலே. ஆனா எப்போ வந்துச்சு? உள்ளே இருந்தவங்க மூணு புள்ளி எடுத்துக் கொடுத்த பிறகு வந்துச்சு! (பலத்த கைதட்டல்)

எதிரணி திருக்குறளிலே ஊக்கமுடைமை அதிகாரத்தைக் காட்டினாங்க. வள்ளுவர் சுற்றந்தழால்னும் ஒரு அதிகாரம் வச்சிருக்காரே, அந்தப் பக்கத்தை மட்டும் புரட்ட மறந்துட்டாங்களா?

அட, இந்த ஊரு மண்ணிலே நின்னுக்கிட்டு இந்தச் சந்தேகமே வரலாமா? அருணகிரிநாதர் வாழ்க்கையே வெறுத்துப்போய் வல்லாள மகாராஜன் கோபுரத்து மேலேயிருந்து குதிச்சாருன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. அந்த நேரத்திலே அவருக்குத் தன்னம்பிக்கை எத்தனை சதவீதம்? சுழி! கீழே முருகன் "ஏம்பா, தன்னம்பிக்கையோட விழுப்பா"ன்னு சொல்லிக்கிட்டு நின்னாரா? கையை நீட்டிப் பிடிச்சாரு! பிடிச்ச பிறகுதான் நமக்குத் திருப்புகழ் கிடைச்சது. எதிரி பிடிக்கிறதும் பிடிதான், முருகன் பிடிச்சதும் பிடிதான். ஒண்ணு கவிழ்க்கிற பிடி, ஒண்ணு தூக்குற பிடி. (கைதட்டல்)

தீபத் திருவிழாவிலே ஏழாம் நாள் அஞ்சு தேர் ஓடுது. அம்மன் தேரைப் பெண்களே இழுக்கிறாங்க. சண்டிகேஸ்வரர் தேரைப் பிள்ளைங்க இழுக்கிறாங்க. தேரைப் பார்க்கிறவங்க கண்ணு சாமி மேலே இருக்கும், வடம் பிடிக்கிறவங்க மேலே இருக்கும். ஆனா சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, உயிரைக் கையிலே பிடிச்சுக்கிட்டு, கட்டை போட்டுக்கிட்டே ஓடுறாங்களே சில பேர், அவங்களை யாரு பார்க்கிறாங்க? முட்டுக்கட்டைன்னா தடைன்னு நினைச்சு நாம திட்டுறோம். அந்தக் கட்டை இல்லேன்னா வளைவிலே தேர் திரும்புமா? எந்த வீட்டுச் சுவரிலே போய் நிக்கும்?

நடுவர் அவர்களே, தன்னம்பிக்கை வேண்டாம்னு நான் சொல்லலே. பாடிப் போறவனுக்கு அது மூச்சு மாதிரி. ஆனா மூச்சு முட்டிப்போய் வெளியே உட்கார்ந்திருக்கிறவன்கிட்டே போய் மூச்சைப் பத்திப் பாடம் எடுக்காதீங்க. பரீட்சையிலே தோத்த பிள்ளை, வேலை போன புருஷன், வியாபாரம் நொடிச்ச தம்பி, இவங்களைப் பார்த்து "நீயே எழுந்திரு"ங்கிறது உபதேசம். உள்ளே நின்னு ஒரு புள்ளி எடுத்துக் கொடுக்கிறது உதவி. உபதேசத்தாலே இதுவரைக்கும் ஒருத்தனும் களத்துக்குள்ளே திரும்பினதில்லே.

அதனாலே நல்ல தீர்ப்பாச் சொல்லுங்க. எதிரணிக்குச் சாதகமாச் சொல்லணும்னு உங்களுக்குத் தன்னம்பிக்கை இருந்தாலும், கடைசியிலே இந்த ஜனத்தோட தோள்மேலேதான் நீங்களும் வீட்டுக்குப் போகணும், பார்த்துக்கங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)