யூதரும் நாமும் வணங்குவது ஒரே இறைவனையா?

(ஜூபிலி விழாவில் ஆற்றிய உரை)



"யூதர் இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லையே; அவர்கள் வணங்கும் கடவுளும் நாம் வணங்கும் கடவுளும் ஒருவர்தானா?" ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. ஜூபிலி ஆண்டில் நம் விசுவாசத்தின் வேரை நினைக்கும் நாம் இதற்கு விடை காண்பது நல்லது.

யூதர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து சென்றால் கொல்லம். அங்கே தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவக் கோயிலுக்கு, வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் கி.பி. 849-இல் உரிமைகள் வழங்கிச் செப்பேடு எழுதிக் கொடுத்தார். அச்செப்பேட்டில் சாட்சியாகக் கையொப்பமிட்டவர்களுள் யூதரும் உண்டு. எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவக் கோயிலுக்கு யூதர் சாட்சி! கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூத செபக்கூடம் இன்றும் நிற்கிறது. 1948-இல் இஸ்ராயேல் நாடு உருவானபின் கொச்சி யூதரில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டனர்.

இனி விடைக்கு வருவோம். ஆம், ஒரே இறைவன்தான். பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று 2-ஆம் நூற்றாண்டில் மார்சியோன் போதித்தான். திருச்சபை அதைத் தப்பறை என்று தள்ளியது. முதன்மையான கட்டளை எது என்று கேட்டவருக்கு, இஸ்ராயேலின் விசுவாச அறிக்கையையே நம் ஆண்டவர் விடையாகச் சொன்னார். தேவதாய் தம் புகழ்ப்பாடலில் ஆபிரகாமை நினைத்தார். பூசையில் நாம் சொல்லும் ஆமென், அல்லேலூயா, ஓசன்னா யாவும் எபிரேயச் சொற்களே.

வேற்றுமை இல்லையா? உண்டு, பெரிய வேற்றுமையே உண்டு. ஒரே கடவுள் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்றும், சுதன் மனிதரானார் என்றும் நாம் விசுவசிக்கிறோம். யூதர் இதை ஏற்பதில்லை. இதை மூடி மறைப்பது இருவருக்கும் நேர்மையாகாது. ஆயினும், நாம் அறிந்தவாறு அவர்கள் அறியவில்லை என்பதால் அவர்கள் வேறொரு கடவுளை வணங்குகிறார்கள் என்று ஆகிவிடாது.

குற்றால மலையில் பிறந்து அருவியாய் விழும் சிற்றாறுதான் தென்காசிக்கும் வருகிறது. மேலே நீரை அசுத்தம் செய்துவிட்டுக் கீழே அதையே அள்ளிக் குடிப்பவன் புத்திசாலியா? யூதரை இகழும் கிறிஸ்தவன் அதைத்தான் செய்கிறான். நாம் ஒட்டப்பட்ட காட்டு ஒலிவக் கிளைகள். வேர் நம்மைத் தாங்குகிறதேயன்றி நாம் வேரைத் தாங்கவில்லை என்று அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதவில்லையா?

ஆகவே தபசு காலத்தில் நாம் கவனமாயிருக்க வேண்டும். பாடுகளின் நாடகத்தில் யூத இனம் முழுவதையும் கொலைகாரராகக் காட்டுவதும், "யூதன்" என்பதை வசைச்சொல்லாக வழங்குவதும் இனி நம்மிடையே கூடாது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைப் பழித்த சொல்லைப் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1959-இல் நீக்கினார். இயேசுவின் பாடுகளுக்காக அக்கால யூதர் அனைவர்மீதும், இக்கால யூதர்மீதும் பழி சுமத்தலாகாது என்று 2-ஆம் வத்திக்கான் சங்கம் 28-10-1965-இல் போதித்தது. 2-ஆம் அருள் சின்னப்பர் 13-4-1986-இல் உரோமை யூத செபக்கூடத்திற்கே சென்று, யூதரை நம் மூத்த சகோதரர் என்றார்.

ஞானோபதேச ஆசிரியர்களே, நாடகம் நடத்தும் இளைஞர்களே, பெற்றோர்களே! நம் சிலுவையில் தொங்குபவர் யூதர். அவர் தாயும் யூதப் பெண்மணி. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளருங்கள். ஆபிரகாமின் இறைவன் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.