திரையில் பார்த்த ஆஸ்பத்திரி



திருச்சியில் ஒரு வார்டு சிஸ்டரின் நினைவாக ஏற்பட்ட அறக்கட்டளையின் மேடை இது. அதனால் மருத்துவத்தின் சாதனைகளைப் பற்றிப் பேசாமல், வார்டுக்கு வெளியே நிற்கிறவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். லால்குடியிலிருந்தோ மணப்பாறையிலிருந்தோ 108 வண்டியில் ஒரு உயிரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, நீட்டிய தாளில் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று தவிக்கிற அண்ணனும் மாமனும் மகளும் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்? டாக்டர் சொல்வது பாதிதான் புரிகிறது. மீதியை வீட்டுக் கூடத்தில் பார்த்த நாடகம் நிரப்பிக்கொள்கிறது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

சீரியலில் ஒரு பெண் மயங்கி விழுகிறாள். டாக்டரம்மா வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, 'சந்தோஷமான சமாச்சாரம்' என்கிறார். சிறுநீர்ப் பரிசோதனை இல்லை, தலைக்குளித்த தேதியைக்கூடக் கேட்பதில்லை. சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் மாடிப்படியில் உருள்கிறாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரிகிறது. டாக்டர் வெளியே வந்து, 'தாயா குழந்தையா, ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும், நீங்களே சொல்லுங்க' என்கிறார். இந்தக் காட்சியை எத்தனை சீரியலில் பார்த்திருப்போம்! பிரசவ வார்டில் யாரும் இப்படி ஏலம் விடுவதில்லை. தாயின் உயிரைத்தான் முதலில் பார்ப்பார்கள். பெரும்பாலான அவசரங்களில் தாயைத் தேற்றுவதுதான் குழந்தையைக் காப்பாற்றும் வழியும்.

2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன, 44.9 விழுக்காடு சிசேரியன். அதாவது, பிள்ளை பிறக்கும் வீடுகளில் ஏறக்குறைய பாதி வீட்டார் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். இவ்வளவு சிசேரியன் தேவைதானா என்று மக்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அப்படிக் கேட்கத் தேவையான அறிவை அந்தச் சிவப்பு விளக்குக் காட்சி தருவதில்லை, திகிலை மட்டும் தருகிறது. திகிலோடு நிற்கிற மாமியார் ஒன்று எதற்கும் தலையாட்டுவார், இல்லையென்றால் எதையும் நம்ப மாட்டார்.

விஜய் டி.வி.யில் 2019இல் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா'வை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் பாரதி ஒரு டாக்டர். அவனை ஏமாற்றும் வெண்பாவும் டாக்டர். தனக்குக் குழந்தை பிறக்காது என்ற பொய்யை நம்பி, கர்ப்பிணி மனைவியின் மீது அவன் சந்தேகப்படுகிறான். ஒரு டி.என்.ஏ. பரிசோதனை தீர்த்துவைத்திருக்கக்கூடிய சந்தேகத்தை அந்த டாக்டர் ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிகிறான். கதையை இழுக்க வேண்டிய நெருக்கடி எழுத்தாளருக்கு இருக்கும், புரிகிறது. ஆனால் தினமும் பார்க்கிற அம்மாவின் மனதில் தங்குவது என்ன? ரிப்போர்ட்டை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், டாக்டரும் ஆத்திரத்தில் முடிவெடுப்பவர்தான் என்பதே. நாளைக்கு லேபிலிருந்து வருகிற தாளை அவர் இந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

நோயையும் மருத்துவத்தையும் கதைக்காக வளைக்கும் இந்த வழக்கத்துக்கு நீண்ட வேர் உண்டு. நம் திருச்சியில் வாழ்ந்து 1979இல் இங்கேயே மறைந்த எம்.ஆர். ராதா, 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1954இல் அது படமானது. அந்த நடிப்பின் முன் நான் இன்றும் தலைவணங்குகிறேன். ஆனாலும் அந்தக் கதையில் தொழுநோய் ஒரு தண்டனை. ஒழுக்கம் கெட்டவனுக்கு வந்த கூலி. தொழுநோய்க்கு டாப்சோன் மாத்திரை அப்போதே புழக்கத்துக்கு வந்துவிட்டது. மாத்திரையை விட அந்த மேடைதான் மக்களிடம் வேகமாகப் போய்ச் சேர்ந்தது.

நோயைத் தண்டனையாகக் காட்டிய திரை, டாக்டர்களை முதலில் தெய்வமாகத்தான் காட்டியது. 1961இல் 'பாலும் பழமும்', 1962இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. பின்னதில் தான் காதலித்த பெண்ணின் கணவனைக் காப்பாற்ற டாக்டர் தன்னையே தேய்த்துக்கொண்டு மாண்டுபோகிறார். நாற்பது ஆண்டு கழித்து, 2002இல், 'ரமணா' வந்தது. ஏற்கெனவே இறந்தவரின் உடலைக் கொண்டுவந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார் கதாநாயகன் விஜயகாந்த். பில் மேல் பில் வருகிறது. கடைசியில் சடலத்துக்குத்தான் இவ்வளவு நேரம் வைத்தியம் பார்த்தீர்கள் என்று போட்டு உடைக்கிறார். 2017இல் வந்த 'மெர்சல்' இரண்டையும் ஒரே படத்தில் வைத்தது. ஐந்து ரூபாய் வாங்குகிற டாக்டர் ஒருபுறம், கொள்ளையடிக்கிற டாக்டர் மறுபுறம். தெய்வத்துக்கும் திருடனுக்கும் நடுவே, சம்பளத்துக்கு ஒழுங்காக வேலை பார்க்கிற ஒரு சாதாரண டாக்டருக்கு நம் திரையில் இடமே இல்லாமல் போயிற்று.

'ரமணா' காட்சியைப் பற்றி டாக்டர்கள் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் மக்கள் பக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997இல் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018இல்தான் வந்தன. இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டுகளில், தில்லைநகரிலோ வேறெந்த ஊரிலோ புரியாத பில்லை நகையை அடகு வைத்துக் கட்டிய குடும்பங்கள், கேட்க ஓர் ஆளில்லாமல் நின்றன. அவர்கள் கேட்க நினைத்ததைத் தியேட்டரில் விஜயகாந்த் கேட்டார். கைதட்டல் அங்கிருந்து வந்தது.

அந்தக் கைதட்டல் இன்று வேறோர் இடத்தில் போய் அடிக்கிறது. விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு மூளைச்சாவு என்று ஐ.சி.யு.வில் சொல்கிறார்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, திரையில் துடிப்புக் கோடு ஓடுகிறது. 'வெண்டிலேட்டரை எடுத்தால் நின்றுவிடும்' என்கிறார்கள். வெளியே நிற்கிறவர்களில் ஒருவர் மெல்லக் கேட்கிறார்: "அப்ப இவ்ளோ நேரம் பொணத்துக்கா வைத்தியம் பாத்தாங்க, ரமணா படத்துல மாதிரி?" அதே வாய்தான் அடுத்த நிமிடம், "உசிரு இருக்கும்போதே அறுக்கப் பாக்குறாங்களா?" என்றும் கேட்கிறது. முன்னுக்குப்பின் முரணான இரண்டு சந்தேகங்கள், இரண்டும் ஒரே படத்தின் நிழலில் வளர்ந்தவை.

உண்மையில் நடப்பது வேறு. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பிறகே மூளைச்சாவைச் சான்றளிக்க முடியும். இந்த ஆறு மணி நேரம் எதற்கு என்று உட்காரவைத்துச் சொன்னால், எந்தக் கிராமத்துத் தந்தைக்கும் விளங்கும். யாரும் சொல்லாதபோது காத்திருப்பே சூழ்ச்சியாகத் தெரிகிறது. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் மகனின் உறுப்புகளை ஒரு மருத்துவத் தம்பதியர் தானம் செய்தார்கள். சென்னைச் சாலைகளில் காவல்துறை வழிவிட்டுக்கொடுக்க, அந்த இதயம் ஓடியதைத் தமிழ்நாடே செய்தியாகப் பார்த்தது. உறுப்புக்காகச் சாலையை ஒழித்துக்கொடுக்கும் கதையையே எடுத்துக்கொண்டு 2013இல் 'சென்னையில் ஒரு நாள்' வந்தது. திரை நல்லதும் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. 2023இலிருந்து உறுப்புக்கொடையாளர்களுக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது. ஒரு கலெக்டர் மாலையோடு வந்து நிற்பதைக் கண்ட தெரு, எந்தப் படத்தைக் கண்ட தெருவையும் விடக் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறது.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. 1996இல் அமெரிக்காவில் மூன்று மருத்துவர்கள் 'ஈ.ஆர்.' உள்ளிட்ட மூன்று தொடர்களின் 97 பகுதிகளைப் பார்த்து, நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் காட்சிகளை எண்ணினார்கள். அறுபது காட்சிகள். நால்வரில் மூவர் அப்போதே பிழைத்தார்கள். 67 விழுக்காட்டினர் நலமாக வீடு திரும்பியதாகக் கதை சொன்னது. நிஜ மருத்துவமனையில் பிழைப்பவர்கள் அதில் சிறு பங்குதான். தொண்ணூறு வயதுத் தாத்தாவின் விலா எலும்பு முறிய முறிய அழுத்தச் சொல்லும் பிள்ளைகளையும், பிழைக்காதபோது டியூட்டி டாக்டரின் சட்டையைப் பிடிக்கும் உறவினர்களையும் இந்த எண்களோடு சேர்த்துத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

இனி, இந்த அறக்கட்டளைக்கு உரியவர்களிடம் வருகிறேன். நம் சீரியலில் நர்ஸ் என்ன செய்கிறார்? தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 'டாக்டர் சீக்கிரம் வாங்க' என்று ஓடுகிறார். வில்லியிடம் பணம் வாங்கிக்கொண்டு ஊசியை மாற்றுகிறார். பழைய படங்களிலோ கேலிக்கும் கவர்ச்சிக்கும் ஆனவர். இரவு இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம் இறங்குவதை முதலில் கண்டுபிடிப்பவர், டாக்டர் எழுதிய டோஸ் தவறென்று துணிந்து கேட்பவர், படுக்கைப்புண் வராமல் ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பவர், இவர்கள் யாரும் திரையில் இல்லை.

ஆனால் நம் முன்னோர் இவர்களைக் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடல் கோயிலில், 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. அதில் வைத்தியருக்கு மட்டுமல்ல, அறுவைச் சிகிச்சை செய்பவருக்கும், மூலிகை கொண்டுவருபவர்களுக்கும், நோயாளிக்குப் பணிவிடை செய்து மருந்து கொடுக்கும் பெண்கள் இருவருக்கும் தனித்தனியாக நெல்லும் காசும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நம் ஸ்ரீரங்கம் கோயிலிலும் ஆரோக்கியசாலை இருந்தது. அங்குள்ள தன்வந்திரி சந்நிதி அந்த மரபின் மிச்சம். ஆயிரம் ஆண்டுக்கு முன் கணக்கெழுதியவருக்குத் தெரிந்த அந்த இரண்டு பெண்கள், இன்று கதை எழுதுகிறவருக்குத் தெரியவில்லை.

பக்கத்து மாநிலத்தில் நிலைமை வேறு. மலையாளத்தில் 2017இல் 'டேக் ஆஃப்', ஈராக்கில் சிக்கிய செவிலியரை நடுவில் வைத்தது. 2019இல் 'வைரஸ்', நிபா தொற்றுக் காலத்தில் உயிரிழந்த செவிலியை மறக்கவில்லை. கேரளத்தில் பல வீடுகளில் ஒரு நர்ஸ் இருக்கிறார். எழுத்தாளருக்கு அவர் அக்காவோ அத்தையோ. நம் எழுத்தாளர்களுக்கு அந்த நெருக்கம் வாய்க்கவில்லை என்றால், நாம் ஏற்படுத்திக்கொடுக்கலாம்.

ஆகவே இந்த அறக்கட்டளைக் குழுவினரிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஆண்டுதோறும் இரண்டு திரைக்கதை எழுத்தாளர்களைத் திருச்சிக்கு அழையுங்கள். உரிய அனுமதி பெற்று, நோயாளிகளின் அந்தரங்கம் காத்து, இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை அவர்கள் ஒரு நர்ஸோடு நடக்கட்டும். அதைவிட முதலில் செய்ய வேண்டியது இன்னொன்று. அடுத்த ஆண்டு இந்த மேடையில் என்னைப்போல வெளியே இருந்து பார்க்கிறவரை நிறுத்தாதீர்கள். இங்கே முன்வரிசையில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருக்கும் சகோதரிகளில் ஒருவர், தமக்கு டியூட்டி இல்லாத ஒரு நாளாகப் பார்த்துச் சொல்லட்டும்; அந்த நாளிலேயே கூட்டத்தை வையுங்கள்.